எந்த உலை வாங்கலாம்? கண்ணாடிப் பட்டறைக் கேள்விகள்

கேள்வி: ஐயா, வடநாட்டுப் பட்டறை ஒன்றில் கண்ணாடி ஊதக் கற்றுக்கொண்டு ஊர் திரும்பியிருக்கிறேன். அரியாங்குப்பம் பக்கம் அப்பாவுக்கு ஒரு ஷெட் இருக்கிறது. நானும் தம்பியும் சேர்ந்து டம்ளர், பூச்சாடி, விளக்குக் கூண்டு செய்து புதுச்சேரிக் கடைகளுக்குக் கொடுக்கலாம் என்று இருக்கிறோம். சிலர் கேஸ் உலை வாங்கச் சொல்கிறார்கள், சிலர் மின் உலைதான் நல்லது என்கிறார்கள். 100 கிலோ கண்ணாடி கொள்ளும் பானை வைத்த மின் உலை ஒன்று விலைக்கு வருகிறது. 1,600 டிகிரி வரை போகுமாம். எதை வாங்குவது?
– வாசகி, திருப்பாதிரிப்புலியூர்

பதில்: அம்மா, அந்த 1,600 டிகிரியை முதலில் மறந்துவிடுங்கள். உங்களுக்கு அது தேவையே இல்லை.

மணல், சோடா, சுண்ணாம்பு மூன்றையும் கலந்து அடியிலிருந்து கண்ணாடி ஆக்குவதற்குத்தான் 1,400 டிகிரியும் அதற்கு மேலும் வேண்டும். அதைச் சின்னப் பட்டறையில் செய்யாதீர்கள். கலவையிலிருந்து எழும் சோடா ஆவி செங்கல்லையும், மின் உலையைச் சூடாக்கும் எலிமென்டையும் அரிக்கும். மணல் தூசியோ நுரையீரலை அரிக்கும். ஊதுவதற்கென்றே தயாரித்த, ஏற்கெனவே ஒருமுறை உருகிய கண்ணாடித் துண்டுகளை வாங்குங்கள். கல்லட் என்பார்கள். அது 1,200 முதல் 1,250 டிகிரிக்குள் உருகித் தெளிந்துவிடும். அப்புறம் 1,100 முதல் 1,150 டிகிரியில் நிறுத்தி ஊத வேண்டியதுதான்.

தனி ஆள் தன் பட்டறையிலேயே கண்ணாடி உருக்கி ஊதலாம் என்ற வழியைத் திறந்துவிட்டதே தயார்க் கண்ணாடிதான். 1962-இல் அமெரிக்காவின் டொலீடோ அருங்காட்சியகத்தில் ஹார்வி லிட்டில்டன் ஒரு சின்ன உலை வைத்துப் பயிற்சி நடத்தினார். முதலில் கலவையை உருக்கிப் பார்த்தார்கள், சரிவரவில்லை. கண்ணாடித் தொழிற்சாலை ஆராய்ச்சியாளரான டொமினிக் லபினோ, கண்ணாடி இழை செய்வதற்கான ‘475’ என்ற எண் வகைக் கண்ணாடிக் கோலிகளைக் கொடுத்து அவற்றை உருக்கச் சொன்னார். அது உருகியது, ஊதவும் வந்தது. ஆகவே தயார்க் கண்ணாடி வாங்குவதில் கௌரவக் குறைச்சல் ஏதுமில்லை.

இனி முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். உலை எவ்வளவு சூடாகும் என்று எல்லோரும் கேட்கிறார்கள். சும்மா நிற்கும்போது எவ்வளவு தின்னும் என்று யாரும் கேட்பதில்லை. மாடு வாங்கப் போகிறவர் பாலை மட்டுமா விசாரிப்பார்? தீவனத்தையும்தானே கேட்பார்.

கணக்குப் போட்டுக் காட்டுகிறேன். 20 கிலோ கண்ணாடியை உருக்கத் தேவையான வெப்பம் ஏறக்குறைய 8 யூனிட்தான். ஆனால் நன்றாக வெப்பக் காப்புக் கட்டிய 40 கிலோ பானை உலை, வேலை செய்யும் சூட்டில் சும்மா நிற்பதற்கே மணிக்கு 3 யூனிட் எடுக்கும். ஒரு நாளைக்கு 72 யூனிட், மாதத்துக்கு 2,160 யூனிட். நீங்கள் ஊதுவது பகலில் ஐந்து மணி நேரம். மீதிப் பத்தொன்பது மணி நேரமும் உலை எரிந்துகொண்டேதான் இருக்கும். அணைத்து அணைத்து ஏற்றலாமே என்று தோன்றும். அப்படிச் செய்தால் பானைக்குள் உறைந்த கண்ணாடி பானையையே விரிசல் விடவைக்கும். ஆக, நீங்கள் கட்டப்போகும் பில்லில் பெரும்பங்கு கண்ணாடிக்கு இல்லை, சுவர் வழியாகக் காற்றில் போகும் சூட்டுக்கு. உலை விற்பவரிடம் முதல் கேள்வியாக இதைக் கேளுங்கள்: மூடி வைத்து 1,100 டிகிரியில் நிறுத்தினால் மணிக்கு எத்தனை யூனிட்? பதில் சொல்லத் தெரியாதவரிடம் வாங்காதீர்கள்.

அதனால்தான் 100 கிலோ பானை வேண்டாம் என்கிறேன். இரண்டு பேர் ஒரு பகல் உட்கார்ந்து டம்ளர் ஊதினால் 25 வரும் என்று வைத்துக்கொள்வோம். டம்ளருக்கு 300 கிராம், குழலில் ஒட்டி வீணாவது தனி. எல்லாம் சேர்த்து 10, 12 கிலோவுக்கு மேல் செலவாகாது. 40 கிலோ பானையில் ஒருமுறை நிரப்பினால் இரண்டு மூன்று நாள் வேலை ஓடும். பெரிய பானை வாங்கினால், விற்காத கண்ணாடியை இரவும் பகலும் சூடாக வைத்திருக்கப் பணம் கட்டுவீர்கள்.

கேஸா கரண்டா என்பதற்கு வருவோம். கேஸ் உலையின் நல்ல குணங்களை மறைக்க மாட்டேன். முரட்டு ஜீவன் அது. பானை உடைந்து கண்ணாடி வழிந்தாலும் கெட்டுப்போக உள்ளே எலிமென்ட் கிடையாது. செங்கல் வேலை தெரிந்த கொத்தனாரை வைத்து நீங்களே கட்டிவிடலாம். ஆனால் 1,150 டிகிரியில் உலையை விட்டு வெளியேறும் புகை, எரித்த எரிவாயுவின் சூட்டில் பாதிக்கு மேல் தன்னோடு எடுத்துப் போகிறது. புகையின் சூட்டை வாங்கி உள்ளே வரும் காற்றுக்குக் கொடுக்கும் அமைப்பு வைத்தால் மிச்சமாகும், ஆனால் அதற்கே ஒரு விலை இருக்கிறது. அது இல்லாத சின்ன கேஸ் உலையில் 19 கிலோ வணிக சிலிண்டர் ஒன்று ஒன்றரை நாள் தாண்டினாலே அதிகம். நள்ளிரவில் எழுந்து சிலிண்டர் மாற்றப் போவது யார், நீங்களா தம்பியா?

கரண்ட் போனாலும் கேஸ் உலை எரியுமே என்று உங்களிடம் சொல்லியிருப்பார்கள். எரியாது, எரியவும் கூடாது. காற்று ஊதும் புளோயர் நின்ற நொடியில் கேஸ் வால்வு தானாக மூடிக்கொள்ள வேண்டும். மூடாவிட்டால் காற்றைவிடக் கனமான எல்பிஜி தரையோடு பரவிக் கிடக்கும், அடுத்த பொறியில் ஷெட் போய்விடும். சுடர் அணைந்தால் உணரும் கருவியும் தானியங்கி வால்வும் இல்லாத கேஸ் உலையை இனாமாகக் கொடுத்தாலும் வாங்காதீர்கள். ஒன்று மட்டும் உண்மை: புளோயருக்கு இன்வெர்ட்டர் போதும், மின் உலைக்கு ஜெனரேட்டர் வேண்டும்.

உங்கள் நிலைமைக்கு நான் சொல்வது இதுதான்: பானைக்கு மின் உலை, மறுசூட்டுக்குக் கேஸ். ஊதும்போது பொருளைத் திரும்பத் திரும்பச் சூடேற்றும் க்ளோரி ஹோல் வேலை நேரத்தில் மட்டும் எரிந்தால் போதும். அந்த வேலைக்குக் கேஸ் பொருத்தமானது. 30 செ.மீ. வாய் வைத்ததாக இருந்தால் மணிக்கு 2 முதல் 3 கிலோ கேஸ் எடுக்கும். ஒற்றை சிலிண்டரிலிருந்து அந்த வேகத்தில் இழுத்தால் சிலிண்டர் வெளியே பனி பூத்து அழுத்தம் விழும். நான்கைந்து சிலிண்டரை ஒரே குழாயில் இணைத்து ஷெட்டுக்கு வெளியே நிழலில் வையுங்கள். மொத்தம் 100 கிலோ வரை சேமிப்பு உரிமம் தேவையில்லை. 19 கிலோ சிலிண்டர் ஐந்து வைத்தால் 95 கிலோ, அதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

மின் உலையில் எலிமென்ட் மூன்று வகை. கம்பிச் சுருள், சிலிக்கன் கார்பைடு தண்டு, மாலிப்டினம் டைசிலிசைடு. விற்பவர் உங்களுக்குக் காட்டிய 1,600 டிகிரி உலை அநேகமாக மூன்றாவது வகையாக இருக்கும். ஆயுள் நீளம்தான், சந்தேகமில்லை. ஆனால் ஆறிய நிலையில் அதற்கு மின்தடை மிகக் குறைவு. தனி டிரான்ஸ்பார்மரும் கரண்டைக் கட்டுப்படுத்தும் பேனலும் இல்லாமல் ஓடாது. கை தவறி இடித்தால் கண்ணாடிபோல் முறியும், முறிந்ததற்கு மாற்று வரும்வரை கைகட்டி உட்கார வேண்டும். சிலிக்கன் கார்பைடு தண்டு நடுத்தரம். வயதாக ஆக அதன் மின்தடை ஏறும், ஒன்று போனால் ஜோடியாக மாற்ற வேண்டும். கல்லட் மட்டும் உருக்கும் உங்களுக்கு நல்ல தடிமனான இரும்பு-குரோமியம்-அலுமினியக் கம்பிச் சுருளே போதும் என்பேன். 1,250 டிகிரி வரை தாங்கும். அறுந்தால் ஒரு நாளில் வேறு சுற்றிப் போட்டுவிடலாம். கடற்கரை ஊரில் தொழில் செய்கிற நாம், நம் கையாலோ பக்கத்து ஊர்க் கையாலோ ரிப்பேர் செய்ய முடிந்ததைத்தான் வாங்க வேண்டும். இதில் நான் பிடிவாதக்காரன்.

பக்கத்து ஊர் என்றால் விருத்தாசலம். உங்கள் மாவட்டத்திலேயே பீங்கான் தொழிற்பேட்டை இருக்கிறது. சூளை கட்டவும் எலிமென்ட் மாற்றவும் தெரிந்தவர்கள் அங்கே தலைமுறையாக இருக்கிறார்கள். உலை வாங்கும் முன் ஒருநாள் பஸ் ஏறிப் போய் நாலு சூளையைப் பார்த்து, எந்தச் செங்கல் எத்தனை நாள் நின்றது என்று அவர்களிடமே கேளுங்கள். எந்த விற்பனைத் தாளும் அதைச் சொல்லாது.

புயலைப் பற்றிச் சொல்லாமல் இந்தக் கடற்கரையில் உலை பற்றிப் பேச முடியாது. 2011 டிசம்பர் 30-இல் தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையில் கரையேறியபோது மின்கம்பங்கள் வரிசையாகச் சாய்ந்ததும், பல ஊர்களுக்குக் கரண்ட் திரும்ப நாட்கணக்கில் ஆனதும் உங்கள் அப்பாவுக்கு நினைவிருக்கும். 2024 நவம்பர் 30-இல் ஃபெஞ்சல் வந்தபோது புதுச்சேரியில் ஒரே நாளில் 45 செ.மீ.க்கு மேல் மழை. அதனால் 10 கேவிஏ ஜெனரேட்டர் ஒன்றை உலையின் விலையோடு சேர்த்தே கணக்கிடுங்கள். சாதாரணக் கரண்ட் வெட்டுக்கு அது போதும். உலையையும் பேனலையும் தரையிலிருந்து இரண்டடி மேடையில் ஏற்றுங்கள். சூடான உலையின் அடியில் வெள்ளம் புகுவதை நினைத்துப் பார்க்கவே எனக்குப் பிடிக்கவில்லை. புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றிவிட்டால் தயங்காதீர்கள். பானைக் கண்ணாடியை நீளக் காம்புக் கரண்டியால் மொண்டு தண்ணீர்த் தொட்டியில் கொட்டுங்கள். அது நொறுங்கி மறுபடி கல்லட்டாகும், நஷ்டமில்லை. காலிப் பானையோடு உலையை மெல்ல ஆற விடுங்கள்.

மறுபடி ஏற்றும்போது அவசரம் கூடாது. பானையிலும் செங்கல்லிலும் இருக்கும் குவார்ட்ஸ் 573 டிகிரியைத் தாண்டும்போது சட்டென்று விரியும். அந்த இடத்தில் உலையை ஊர்ந்து போகவிட வேண்டும். புதுப் பானை என்றால் ஏற்றுவதற்கே இரண்டு மூன்று நாள் ஒதுக்குங்கள்.

வருடம் முழுக்க எரிக்க வேண்டாம் என்பது என் அபிப்பிராயம். பொங்கல் முடிந்து பற்றவைத்து ஏப்ரல் வரை ஓட்டுங்கள். அக்னி நட்சத்திரத்தில் ஷெட்டுக்குள் நிற்க முடியாது. அந்த மாதம் பானை பார்ப்பது, செங்கல் மாற்றுவது, தேய்ப்பு வேலை, மெருகு வேலை எல்லாம் வைத்துக்கொள்ளுங்கள். ஆகஸ்டில் மீண்டும் ஏற்றி, மழை வலுக்கும்வரை ஓட்டினால் டிசம்பர் கூட்டத்துக்குச் சரக்கு கையில் இருக்கும். வாரத்தில் மூன்று நாளாவது ஊத ஆள் இல்லை என்றால் சொந்த உலை கட்டுப்படியாகாது. அப்போது கூட்டாளி தேடுங்கள்.

கடைசியாக ஒன்று. உலைக்கு முன்னால் வாங்க வேண்டியது அனீலர். ஊதிய பொருளை சுமார் 500 டிகிரியில் வைத்து மெதுவாக ஆற்றும் பெட்டி. கச்சிதமான சூடு எவ்வளவு என்பதை உங்களுக்குக் கண்ணாடி தருபவர் சொல்ல வேண்டும். இது சரியில்லை என்றால் நீங்கள் கொடுத்த டம்ளர் கடை அலமாரியில் யாரும் தொடாமலே ஒருநாள் பிளக்கும். வாங்கியவர் கையில் பிளந்தால் ரத்தம். படிப்படியாகச் சூட்டை இறக்கும் கன்ட்ரோலர் உள்ளதாகப் பாருங்கள், இதில் கஞ்சத்தனம் கூடவே கூடாது. சூட்டை அளக்க அனீலருக்குக் கே டைப் தெர்மோகப்பிள் போதும். பானை உலைக்கு பிளாட்டினம்-ரோடியம் வகை வேண்டும். கே டைப் அந்தச் சூட்டில் நாளாக ஆகத் தவறான எண் காட்டும். பேனல் இருக்கும் பக்கம் கடற்காற்று படாமல் தடுப்புப் போடுங்கள். என் பட்டறையில் கரண்டை இணைத்துத் துண்டிக்கும் கான்டாக்டர் முனைகளில் உப்புப் பச்சை பூப்பதை மாதாமாதம் துடைக்கிறோம்.

கேள்வி: புதுச்சேரியில் காலி பீர் பாட்டிலுக்குப் பஞ்சமே இல்லை. அவற்றை உருக்கி ஊதினால் கண்ணாடிச் செலவே மிச்சம்தானே?
– வாசகர், முத்தியால்பேட்டை

பதில்: உருக்கலாம், ஆனால் நீங்கள் நினைக்கிற அளவு மிச்சமில்லை. பாட்டில் கண்ணாடி இயந்திரத்துக்காகச் செய்யப்பட்டது. அச்சில் விழுந்த நொடியில் இறுக வேண்டும் என்பதே அதன் இலக்கணம். குழலில் எடுத்து நீங்கள் ஒரு வடிவம் நினைப்பதற்குள் அது இறுகிவிடும். ஊதுவதற்குச் சூடும் கூடுதலாக வேண்டும், எலிமென்ட் ஆயுள் குறையும்.

பழுப்பு பாட்டிலின் நிறம் இரும்பும் கந்தகமும் சேர்ந்து தருவது. அதைப் பச்சையோடு சேர்த்து உருக்கினால் நுரைத்துக்கொண்டு பொங்கும். ஒரே நிறம், ஒரே கம்பெனி பாட்டிலாகப் பொறுக்குங்கள். வேறு வேறு கலவையைச் சேர்த்தால் பொருளுக்குள் நூல் நூலாகக் கோடு தெரியும், சேர்ந்த இடத்தில் விரிசலும் விடலாம். வெளியிலிருந்து வாங்கும் வண்ணக் கண்ணாடியை இதன்மேல் ஒட்டாதீர்கள், இரண்டும் ஒரே அளவு சுருங்காது. லேபிள், பசை எல்லாம் ஊறவைத்துக் கழுவ வேண்டும். கழுத்தில் ஒட்டியிருக்கும் அலுமினிய வளையத்தை ஒன்று விடாமல் எடுத்துவிடுங்கள். உருகிய கண்ணாடிக்குள் அலுமினியம் விழுந்தால் சிலிக்கன் மணிகளாகப் பிரிந்து நிற்கும். அந்த மணி இருக்கும் டம்ளர் உடையாமல் தப்பாது.

பாட்டிலை வைத்துத் தொழில் செய்யத்தான் ஆசை என்றால், உலையே இல்லாமல் கிளன் என்னும் சின்ன மின் சூளை ஒன்று வாங்கி, பாட்டிலை அச்சின் மேல் வைத்து இளக்கித் தட்டு, கிண்ணம் செய்யுங்கள். 800 டிகிரிக்குள் வேலை முடிந்துவிடும். வேலை முடிந்ததும் அணைத்துவிடலாம். இரவில் நிம்மதியாகத் தூங்கலாம்.

கேள்வி: அரிக்கமேட்டுக்குப் பக்கத்திலேயே வீடு. சின்ன வயதில் ஆற்றங்கரை மண்ணில் பாசிமணி பார்த்திருக்கிறேன். கண்ணாடி மணி செய்து விற்க ஆசை. உலை எவ்வளவு ஆகும்?
– வாசகி, வீராம்பட்டினம்

பதில்: உங்கள் கடிதத்தைப் படித்ததும் மனசு நிறைந்தது. 1945-இல் தொல்லியலாளர் மார்ட்டிமர் வீலர் தோண்டிய அந்த மேட்டிலேயே மணி செய்திருக்கிறார்கள் என்பதற்குக் கழிவுத் துண்டுகளே சாட்சி. கண்ணாடியை மெல்லிய குழாயாக இழுத்து, துண்டு துண்டாக நறுக்கி, மறுபடி சூட்டில் உருட்டிய ஒற்றை நிற மணிகள். அவ்வகை மணிகள் கிழக்கே தென்கிழக்காசியா முழுக்கக் கிடைக்கின்றன. அந்த இழுப்பு முறை ஆந்திராவின் பாப்பாநாயுடுபேட்டையில் நம் காலம்வரை நீடித்தது. அந்த முறைக்குப் பெரிய உலையும் ஒரு கூட்டம் ஆளும் வேண்டும்.

நீங்கள் ஒருவராக, வீட்டோடு செய்வதற்கு உலையே வேண்டாம், மேசை மேல் வைக்கும் டார்ச் போதும். எல்பிஜியும் ஆக்சிஜனும் கலந்து எரியும் சுடரில் கண்ணாடிக் குச்சியை உருக்கி எஃகுக் கம்பியில் சுற்றுவது. ஆக்சிஜனுக்குக் கான்சென்ட்ரேட்டர் இயந்திரம் இருந்தால் சிலிண்டர் தூக்கும் வேலை இல்லை. மணியை ஆற்ற ஒரு கையளவு கிளன். சோடியம் மஞ்சள் ஒளியை மறைக்கும் டிடிமியம் கண்ணாடி போட்ட மூக்குக்கண்ணாடி அணிந்துகொள்ளுங்கள், அது இல்லாமல் சுடருக்குள் மணியின் வடிவமே தெரியாது. வீட்டுச் சமையல் சிலிண்டரைத் தொழிலுக்குப் பயன்படுத்தக் கூடாது, தனி வணிக இணைப்பு எடுங்கள். ஜன்னல் ஒன்று திறந்தே இருக்கட்டும். மண்ணில் கிடைக்கும் பழைய மணியை மட்டும் எடுத்து விற்காதீர்கள் அம்மா, அது ஊருக்குச் சொந்தம்.

கேள்வி: மூடிய பட்டறை ஒன்றிலிருந்து பழைய மின் உலை வாங்கப் போகிறேன். எதைப் பார்த்து வாங்க வேண்டும்?
– வாசகர், நெல்லிக்குப்பம்

பதில்: சூடாக இருக்கும்போது போய்ப் பாருங்கள். ஆறிய உலை எதையும் சொல்லாது. 1,100 டிகிரியில் அரைமணி நிறுத்தச் சொல்லி, வெளித்தகட்டின் பக்கத்தில் உள்ளங்கையைக் கொண்டுபோங்கள். ஓரிடத்தில் மட்டும் அனல் அடித்தால் அங்கே காப்பு இறந்துவிட்டது. மீட்டரை நீங்களே படித்துக்கொள்ளுங்கள். எலிமென்ட் ஒவ்வொன்றின் மின்தடையையும் அளந்து ஒன்றுக்கொன்று ஒப்பிடுங்கள். தரையில் வழிந்து இறுகிய கண்ணாடி இருந்தால் பானை ஒருமுறையாவது உடைந்திருக்கிறது என்று அர்த்தம்.

விலை பேசும்போது பானைக்கும் செங்கல்லுக்கும் ஒரு ரூபாயும் போடாதீர்கள். லாரியில் ஏற்றி நம் ரோட்டில் கொண்டுவருவதற்குள் அவை விரிசல் விட்டுவிடும், எப்படியும் புதிதுதான் போட வேண்டியிருக்கும். இரும்புச் சட்டம், டிரான்ஸ்பார்மர், பேனல் இவற்றின் விலை மட்டும் கொடுங்கள். உள்ளே செராமிக் பஞ்சு இருந்தால் பிரிக்கும்போது நல்ல முகக்கவசம் போட்டு, தண்ணீர் தெளித்துப் பிரியுங்கள், அந்த இழை நுரையீரலுக்கு ஆகாது. வயரிங் படம் கேட்டு வாங்குங்கள். படமும் இல்லை, சூடாக்கிக் காட்டவும் மாட்டேன் என்றால் எடைக்கு இரும்பு விலை சொல்லிவிட்டு வந்துவிடுங்கள்.

வண்ணம் சேர்ப்பது பற்றி வந்த கேள்விகளுக்கு அடுத்த இதழில் பதில் சொல்கிறேன்.